மூன்றாவது கூன்

ஒழுங்கான உருவம் கொண்ட பேஸ் கிட்டாரில் தந்தியைத் தட்டினால் சுரம் உடனே வெளியே வரும். கூன், கொம்பு, வால் என்று உடம்பில் கோணல் உள்ள பழைய கிட்டார்களில் அப்படி வராது. உள்ளே போன சுரம் ஒவ்வொரு வளைவிலும் திரும்பி, வழி விசாரித்து, தன் நேரத்தை எடுத்துக்கொண்டுதான் வெளியே வரும். சின்ன வளைவுக்கு இரண்டு நாள் பிடிக்கும். கொம்பு இருந்தால் மூன்று மாதம். சேகரிப்பவர்கள் அவற்றைத் தேடி அலைவது அதனால்தான். வாங்கியவர் வாசிக்க வேண்டிய அவசியமே இல்லை. முன்பு வைத்திருந்தவர்கள் வாசித்தது வந்துகொண்டே இருக்கும்.

ஈரோட்டில் பல் மருத்துவராக இருந்த சென்னியப்பனிடம் அப்படிப் பதினோரு கிட்டார்கள் இருந்தன. பூட்ஸ் வடிவத்தில் ஒன்று, தேங்காய் துருவும் பலகை போல ஒன்று, படகைக் குறுக்கே அறுத்தது போல ஒன்று. ஒன்றைக்கூட அவருக்கு வாசிக்கத் தெரியாது. காலையில் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது, எந்தத் துறைமுகத்திலோ யாரோ தட்டிய சுரம் கூடத்தில் கேட்கும். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, எதிலிருந்து வந்தது என்று ஒவ்வொன்றின் மேலும் கை வைத்துப் பார்ப்பார். ஒருமுறை துருவுபலகையிலிருந்து சுரத்தோடு ஓர் இருமலும் வந்தது. பழைய சொந்தக்காரருக்கு நெஞ்சில் சளி இருந்திருக்கிறது என்று புரிந்துகொண்டு, அந்தக் கிட்டாரை மின்விசிறிக்கு நேர் கீழேயிருந்து நகர்த்தி வைத்தார்.

நாள் முழுக்கக் கோணல் பற்களுக்குக் கம்பி போட்டு நேராக்குவது அவருடைய தொழில். மாலையில் வீட்டுக்கு வந்தால், நேராக்கும்படி யாரும் கேட்காத பொருள்களுக்கு நடுவில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும் போலிருக்கும். ஐம்பத்து மூன்று வயதில் அவருக்கு வேறு ஆசை எதுவும் இருக்கவில்லை.

ஒரு பிப்ரவரி மாதம் அவருக்கு அஞ்சலட்டை வந்தது.

'ஐயா, என்னிடம் மூன்று கூன் உள்ள பேஸ் ஒன்று இருக்கிறது. நிறம் பச்சை. ஒரு கொம்பும் உண்டு. நேரில் வந்து பார்க்கலாம். தற்சமயம் உபயோகத்தில் இருக்கிறது. இப்படிக்கு ரெஜிஸ் கொரைரா, சந்தியாகு மகால், தூத்துக்குடி.'

சென்னியப்பன் அட்டையை இரண்டு முறை படித்தார். சேகரிப்பவர்கள் வட்டாரத்தில் இரண்டு கூனுக்கு மேல் யாரும் பார்த்ததில்லை. அந்த இரண்டு கூன் கிட்டார் கொல்கத்தாவில் ஒருவரிடம் இருந்தது. அவர் அதை யாருக்கும் காட்டுவதில்லை. சென்னியப்பன் மருந்துப் பையையும் கருவிகளையும் எடுத்துக்கொண்டார். எங்கே போனாலும் எடுத்துக்கொள்வது அவர் வழக்கம். 'டாக்டர் வெளியூர் போயிருக்கிறார்' என்ற பலகையை மாட்டும்படி உதவியாளர் மயிலாத்தாளிடம் சொல்லிவிட்டு அன்றே புறப்பட்டார்.

சந்தியாகு மகால் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. அங்கே ஒரு கல்யாண வரவேற்பு நடந்துகொண்டிருந்தது. வாசலில் மேலாளர் தொபியாஸ் பன்னீர் தெளித்து வரவேற்றார்.

"எங்கேர்ந்து வாறிய?"

"ஈரோடுங்க. ரெஜிஸ்னு ஒருத்தரப் பாக்கோணும்."

"மேடையில நிக்காக. வாசிச்சுக்கிட்டு இருக்காக. மொதல்ல சாப்பிடுங்க."

சாப்பிடும்போது தொபியாஸ் விவரம் சொன்னார். வரவேற்பு தொடங்கியது எண்பத்து நாலாம் வருஷம் பிப்ரவரி நாலாம் தேதி, சனிக்கிழமை, காலைப் பூசை முடிந்த பிறகு. மணமகன் காஸ்மிர் மச்சாது, துறைமுகத்தில் வேலை. மணமகள் ஒலிந்தா, பள்ளிக்கூட ஆசிரியை. கேக் வெட்டியாயிற்று, வாழ்த்துரை முடிந்தது, இசைக்குழு கடைசிப் பாட்டை எடுத்தது. பாடகர், டிரம்ஸ், கீபோர்டு எல்லோரும் ஆறு நிமிஷத்தில் முடித்துக்கொண்டு இறங்கிவிட்டார்கள். பேஸ் மட்டும் முடியவில்லை. அந்தப் பாட்டில் பேஸுக்கு முந்நூற்றுப் பதினெட்டு சுரங்கள். ரெஜிஸ் எல்லாவற்றையும் அன்றே தட்டிவிட்டார். மூன்று கூன் இருப்பதால் அவை ஒன்றன் பின் ஒன்றாக இப்போதுதான் வந்துகொண்டிருக்கின்றன. முந்நூற்றுப் பதினேழு வந்துவிட்டன. முந்நூற்றுப் பதினேழாவது வந்தது ஒன்பது வருஷத்துக்கு முன்பு, ஒரு புதன்கிழமை மதியம்.

"ஒண்ணுதான் பாக்கி," என்றார் தொபியாஸ். "பாட்டுக்கு நடுவுல எந்திரிச்சுப் போனா நல்லா இருக்காதுல்லா."

அதனால் யாரும் போகவில்லை. கை கழுவிவிட்டு வருகிறேன் என்று சொல்லி வெளியே போவது மட்டும் வழக்கத்தில் இருந்தது. அப்படிப் போனவர்கள் உப்பளத்தில் வேலை பார்த்து, வீடு கட்டி, பிள்ளைகளைப் படிக்க வைத்து, மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்தார்கள். ஒருவர் மஸ்கட்டுக்குக் கை கழுவப் போய்ப் பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்திருந்தார். அவருடைய நாற்காலியில் கைக்குட்டை போட்டு வைத்திருந்தார்கள்.

மேடையில் இருப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை. ஒலிந்தா நாற்பது வருஷமாகச் சிவப்பு வெல்வெட் நாற்காலியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து விடைத்தாள்களை அங்கேயே கொண்டுவந்து கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். காஸ்மிர் பக்கத்தில் கோட்டு சூட்டோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஓய்வுபெறும் வயது வந்தபோது அலுவலகத்துக்காரர்கள் மாலையோடு வந்தார்கள். கழுத்தில் ஏற்கெனவே ஒரு மாலை இருந்ததால் அதற்கு மேலே போட்டுவிட்டுப் போனார்கள். பாட்டு முடியும்வரை மணமக்கள் தங்களுக்குள் சொந்தப் பேச்சு பேசக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லியிருந்தார்கள். எனவே காஸ்மிர், "வேர்க்குதா?" என்று கேட்பார். ஒலிந்தா, "இல்ல" என்பார். அவ்வளவுதான் பேச்சு.

சென்னியப்பன் கை கழுவிவிட்டு மேடையேறி, பக்கத்துக் கடையில் வாங்கிவந்த சுவர்க் கடிகாரத்தை மணமக்களிடம் கொடுத்துப் புகைப்படத்துக்கு நின்றார். பிறகு மேடையின் இடது ஓரத்துக்குப் போனார்.

ரெஜிஸ் கொரைரா எழுபத்தொரு வயதுக்காரர், ஒல்லி. கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். இடது கையின் நடுவிரல் மூன்றாவது கட்டத்தில் தந்தியை அழுத்திக்கொண்டிருந்தது. விரலை எடுத்தால் வரப்போகும் சுரம் மாறிவிடும் என்பதால் அவர் நாற்பது வருஷமாக எடுக்கவில்லை. மற்ற காரியங்கள் எல்லாம் வலது கையால்தான். அஞ்சலட்டையையும் அப்படித்தான் எழுதியிருந்தார்.

சென்னியப்பன் கிட்டாரைப் பார்த்தார். வாழைக்காய்ப் பச்சை. தலை வாத்தின் அலகு போல நீண்டு வளைந்திருந்தது. வலது பக்கம் ஆட்டுக் கொம்பு போல ஒன்று. இடது பக்கம் மூன்று கூன்கள், ஒன்றைவிட மற்றொன்று பெரிதாக. மூன்றாவது கூன், செய்தவர் வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்தபோது மரம் தானாக வளர்ந்துவிட்டதைப் போல, முதுகைக் காட்டித் திரும்பியிருந்தது. எதற்கும் பொருந்தாத பொருள். சென்னியப்பனுக்குக் கண் கலங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"புடிச்சிருக்கா?" என்று கேட்டார் ரெஜிஸ்.

"புடிச்சிருக்குங்க."

"கடைசி சுரம் வந்த பொறவு நீங்களே கொண்டுபோங்க. நான் கைய எடுத்த பொறவு எனக்கு இது எதுக்கு? அதுவரைக்கும் இருக்க முடியுமா?"

இருக்கிறேன் என்றார் சென்னியப்பன். அவருக்கு ஏழாவது வரிசையில் ஒரு நாற்காலி ஒதுக்கினார்கள்.

பத்து நாள் போயிற்று. சும்மா இருக்க முடியாமல் அவர் பக்கத்து வரிசைக்காரர்களின் பற்களைப் பார்க்க ஆரம்பித்தார். அந்தக் கல்யாணத்தில் சொத்தைப் பல் நிறைய இருந்தது. நாற்பது வருஷமாகக் கேக் சாப்பிட்டதால் வந்தது. அடைக்க வேண்டியதை அடைத்தார், பிடுங்க வேண்டியதைப் பிடுங்கினார். அவர் பிடுங்கினால் வலிக்கவில்லை என்ற பேச்சு வரிசை வரிசையாகப் பரவியது. பதினோராம் நாள் காலை தொபியாஸும் இன்னும் நாலு பேரும் அவர் நாற்காலியைச் சுற்றி நின்றார்கள்.

"டாக்டர், உள்ள ஒண்ணு சிக்கிக்கிட்டா வெளிய எடுக்கது உங்க வேலதானே," என்றார் தொபியாஸ். "அந்தக் கடைசி சுரத்தையும் பாத்து எடுத்து விட்டியன்னா, நாங்க வீடு வாசல்னு போவோம்."

நியாயமாகத்தான் இருந்தது. அவர் மேடைக்குப் போய், பல்லுக்கு வைக்கும் சிறிய எக்ஸ்ரே பிலிமைக் கிட்டாரின் துளை வழியே உள்ளே விட்டுப் படம் எடுத்தார். ரெஜிஸ் அசையாமல் நின்று கொடுத்தார்.

படம் தெளிவாக விழுந்திருந்தது. சுரம் மூன்றாவது கூனுக்குள், ஞானப்பல் எலும்புக்குள் படுத்திருப்பதைப் போலக் குறுக்காகப் படுத்திருந்தது. நுனி மரத்தில் இடித்துக்கொண்டிருந்தது. அது தானாக வெளியே வர வாய்ப்பே இல்லை. இன்னும் நூறு வருஷமானாலும் அப்படியேதான் கிடக்கும். எடுக்கலாம், ஆனால் கூனை வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

சென்னியப்பன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"என்ன தெரியுது?" என்றார் தொபியாஸ்.

"படம் தெளிவா இல்லீங்க," என்றார் சென்னியப்பன்.

இருபத்தேழு வருஷத் தொழிலில் அவர் ஒரு நோயாளியிடம் பொய் சொன்னதில்லை. படத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஏழாவது வரிசைக்குத் திரும்பினார். அன்று பாயசம் போட்டார்கள், அவருக்கு இறங்கவில்லை. மறுநாள் மஸ்கட்காரர், டாக்டருக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று தன் விசிறியைக் கொடுத்தார். அதை வாங்கிக்கொள்ளவும் கூச்சமாக இருந்தது. மூன்று நாள் அவர் யாருடைய வாயையும் பார்க்கவில்லை. மேடையில் பச்சைக் கூன் அவர் பக்கம் முதுகைக் காட்டியபடி இருந்தது.

நாலாம் நாள் காலை, ஒலிந்தா அவரை மேடைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். மணமகளைச் சந்திக்க வெறுங்கையோடு போகக் கூடாது என்று தொபியாஸ் சொன்னதால் சென்னியப்பன் மறுபடி ஒரு பரிசு வாங்கிப் போக வேண்டியிருந்தது. இந்த முறை ஊறுகாய் ஜாடி.

ஒலிந்தா தலை நிமிராமல், விடைத்தாளைத் திருத்துவது போலப் பேசினார்.

"டாக்டர், பாட்டு முடியும்னு எல்லாரும் பேசிக்கிடுதாக. முடிஞ்சா நான் பேசணும், சிரிக்கணும். அதுக்கு முந்தி நீங்க எனக்கு ஒண்ணு செய்யணும்." அவர் கையால் மறைத்துக்கொண்டு மேலுதட்டைச் சற்றே தூக்கிக் காட்டினார். இடது பக்கம் ஒரு தெத்துப்பல் இருந்தது. "கல்யாணத்துக்கு முந்தியே இதச் சரிபண்ணச் சொன்னாக. நேரம் கெடைக்கல. அதான் இவ்வளவு நாளும் வாயத் தெறக்காம உக்காந்திருக்கேன். இத எடுத்துட்டு நேரா ஒண்ணு வச்சு விட்டுருங்க."

சென்னியப்பன் கைவிளக்கைப் போட்டுப் பார்த்தார். ஆயிரக்கணக்கான தெத்துப்பற்களை அவர் பார்த்திருக்கிறார். இது அண்ணாந்து, பக்கத்துப் பல்லின் தோளில் கை போட்டது போல நின்றிருந்தது. எந்தச் சொத்தையும் இல்லை. வேறு எந்த இடத்தில் வைத்தாலும் அந்த முகம் முகமாக இருக்காது. அவர் பையைத் திறந்து குறடைக் கையில் எடுத்தார். எடுத்துவிட்டு அப்படியே நின்றார். சட்டைப் பைக்குள் எக்ஸ்ரே படம் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது.

"டாக்டர்," என்றார் பக்கத்து நாற்காலியிலிருந்து காஸ்மிர். "அந்தப் பல்லத் தொடாதிய."

நாற்பது வருஷத்தில் அவர் பேசிய முதல் சொந்தப் பேச்சு அது. முன்வரிசையில் தட்டு துடைத்துக்கொண்டிருந்தவர்கள் சத்தம் வராதபடி தட்டுகளைக் கீழே வைத்தார்கள்.

ஒலிந்தா முதல்முறையாகத் தலையைத் திருப்பினார். "நீங்க இத எப்பப் பாத்திய?"

"பொண்ணு பாக்க வந்தன்னைக்கு. காப்பி சூடா இருந்துச்சு. நீங்க ஊதினிய. அப்பப் பாத்தேன்." காஸ்மிர் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அதப் பாத்துட்டுத்தான் எங்க அம்மாட்ட சரின்னு சொன்னேன்."

"அப்ப நாப்பது வருஷமா நான் வாய மூடிக்கிட்டு இருந்தது?"

"புழுக்கமா இருக்குன்னு நெனச்சேன். அதான் வேர்க்குதா, வேர்க்குதான்னு கேட்டுக்கிட்டு இருந்தேன்."

ஒலிந்தாவின் மடியிலிருந்த விடைத்தாள்கள் ஒவ்வொன்றாகக் கீழே சரிந்தன, அவர் பிடிக்கவில்லை. பிறகு சென்னியப்பன் பக்கம் திரும்பினார்.

"பல்லு கெடக்கட்டும், டாக்டர். பாட்ட முடிச்சு விடுங்க. எனக்கு இவுககிட்டப் பேச வேண்டியது நெறைய இருக்கு."

சென்னியப்பன் சட்டைப் பையிலிருந்து படத்தை எடுத்தார்.

"அம்மா, படம் தெளிவாத்தானுங்க இருக்குது," என்றார். "நாந்தான் இல்லைன்னு சொல்லிப்போட்டேன். கூன வெட்டோணும். வெட்ட எனக்கு மனசு வரல."

"எத்தன நாளா?"

"நாலு நாளாங்க."

"நாப்பது வருஷத்துல நாலு நாளு ஒண்ணுமில்ல," என்றார் ஒலிந்தா. "வெட்டுங்க."

ரெஜிஸிடம் கேட்டார்கள். அவர் வலது கையால் கூனை ஒருமுறை தடவிக் கொடுத்துவிட்டுச் சரி என்றார்.

சாப்பாட்டு மேசை ஒன்றை மேடைக்குக் கொண்டுவந்து வெள்ளைத் துணி விரித்தார்கள். ரெஜிஸ் மேசையோரமாகக் குனிந்து, விரலை எடுக்காமல், கிட்டாரை அதன் மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். சென்னியப்பன் கையுறை போட்டுக்கொண்டு கூனின் அடிப்பக்கத்தில் இரண்டு இடத்தில் ஊசி போட்டார். மரம் மரத்துப்போகப் பத்து நிமிஷம் ஆனது. கருவியின் நுனியால் தட்டி, "தெரியுதுங்களா?" என்று கேட்டார். ரெஜிஸ் இல்லையென்று தலையாட்டினார்.

மெல்லிய ரம்பத்தால் அவர் வெட்டத் தொடங்கினார். பச்சைச் சாயத்துக்கு அடியில் மரம் வெளிர் மஞ்சளாக இருந்தது. எத்தனையோ கோணலை நேராக்கிய கைதான். அன்று அது தயங்கித் தயங்கி நகர்ந்தது. பாதி அறுத்ததும் நிறுத்தி நெற்றியைத் தோளில் துடைத்துக்கொண்டார். காஸ்மிர் எழுந்து வந்து விசிறினார். கூன் தனியாக வந்தது. உள்ளே குறடை விட்டு, பிடி கிடைக்கும்வரை காத்திருந்து, இடது பக்கமும் வலது பக்கமும் மெதுவாக அசைத்து, ஒரே இழுப்பில் எடுத்தார்.

சுரம் வந்தது. காதுக்கு வருவதற்கு முன்னால் நாற்காலிக் கால்களுக்கு வந்தது. பிறகு பாதங்களுக்கு, பிறகு வயிற்றுக்கு. அடுக்கி வைத்திருந்த எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. பெரிய கப்பல் ஒன்று அவசரமில்லாமல் கரையை ஒட்டி வந்து நிற்பதைப் போல அது நீண்டு, தணிந்து, நின்றது.

ரெஜிஸ் உள்ளங்கையைத் தந்திகள் மேல் வைத்து அடக்கினார்.

"அவ்வளவுதான்," என்றார்.

எல்லோரும் கை தட்டினார்கள். நாற்காலிகள் இழுபடும் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. கைப்பைகள், செருப்புகள், ஊன்றுகோல்கள் தேடப்பட்டன. மேடையில் ஒலிந்தா பேச ஆரம்பித்திருந்தார். எண்பத்து நாலாம் வருஷம் பிப்ரவரி மாதத்திலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். காஸ்மிர் சேலைத் தலைப்பு தரையில் புரளாமல் பிடித்துக்கொண்டு, தலையை ஆட்டியபடி பின்னால் நடந்தார். படியிறங்கும்போது அவர் ஏதோ பதில் சொல்ல, ஒலிந்தா வாய் திறந்து சிரித்தார். தெத்துப்பல்லில் வெயில் பட்டது.

சென்னியப்பன் கிட்டாரைப் பார்த்தார். ஒரு பல் போனால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்துக்குச் சாய்ந்துவிடும் என்பது அவருக்குத் தெரிந்ததுதான். மூன்றாவது கூன் போனதும் மற்ற இரண்டும் அந்த இடத்துக்குச் சாய்ந்து தட்டையாகிவிட்டன. கொம்பு மடங்கியது. வாத்துத் தலை நிமிர்ந்தது. எந்தக் கடையிலும் தொங்கும் ஒழுங்கான ஒரு பேஸ் கிட்டாராக அது ரெஜிஸ் தோளில் கிடந்தது. ரெஜிஸ் ஒரு தந்தியைத் தட்டினார்.

"ஒடனே வந்துட்டு," என்றார். மறுபடியும் தட்டினார். மறுபடியும் வந்தது. "இத நானே வச்சுக்கிடட்டுமா, டாக்டர்?"

"வச்சுக்குங்க. எனக்கு அது போதுங்க," என்று சென்னியப்பன் மேசை மேலிருந்த கூனைக் காட்டினார்.

தொபியாஸ் ஒரு மக்ரூன் இனிப்புப் பெட்டியைக் காலிசெய்து கொண்டுவந்தார். கூனைப் பஞ்சில் வைத்து மூடினார்கள். எதிலும் ஒட்டாத, எதையும் வாசிக்காத வெறும் கூன். கொல்கத்தாக்காரரிடம்கூட அப்படி ஒன்று கிடையாது. பெட்டியை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டபோது சென்னியப்பனுக்கு வந்த காரியம் நிறைவேறியது போலவே இருந்தது. ரெஜிஸ் இடது கையை விரித்து மடக்கிப் பார்த்துக்கொண்டு கை கழுவப் போனார்.

தொபியாஸும் சென்னியப்பனும் வாசலுக்கு வந்தபோது கூட்டம் ஏறக்குறையக் கலைந்திருந்தது. படிக்கட்டுக்குக் கீழே கடல் நின்றிருந்தது. துறைமுகத்திலிருந்து நடந்து வந்திருக்க வேண்டும். தெருவெல்லாம் ஈரமாக இருந்தது. கையில் ஜிகினாத் தாள் சுற்றிய பரிசுப் பொட்டலம் வைத்திருந்தது. தொபியாஸ் அழைப்புப் பட்டியலைப் புரட்டினார். மணமகன் வீட்டார் பக்கத்தில் பெயர் இருந்தது.

"பாட்டு இப்பத்தான் முடிஞ்சுது," என்றார். "பரவால்ல, சாப்பிட்டுப் போங்க."

அவர்களைத் தாண்டி அது உள்ளே போயிற்று. கடைசிப் பந்தியில் ஓர் இலை போட்டார்கள். அது அலைகளைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, இலைக்குத் தண்ணீர் தெளித்தது. உப்பு வைக்க வந்தவரிடம், இலையின் ஓரத்தைக் கையால் மூடி, வேண்டாம் என்றது.